துள்ளுகிற நாய்க்கு எந்த வகுப்பு?

போன நவம்பர் மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம். வீட்டிலிருந்து வேலை செய்கிற நாள். மேல் அறையில் கடைசி மீட்டிங்கை முடித்து லப்டொப்பை மூடுகிறேன், கீழே கோப்பை உடைகிற சத்தம். அதற்குப் பின்னால் அம்மாவின் "ஐயோ பிள்ளை."

ஓடிப்போய்ப் பார்த்தால் அம்மா குசினி வாசலில் நிலத்தில் இருக்கிறார். தேத்தண்ணி சுவரெல்லாம். முறுக்கு அவரைச் சுற்றிச் சுற்றி வந்து முகத்தை நக்கப் பார்க்கிறான். அவன் கடிக்கவில்லை, கோபத்தில் தள்ளவும் இல்லை. பள்ளிக்கூடத்தால் பிள்ளைகள் வருகிற சத்தம் கேட்ட சந்தோஷத்தில் துள்ளினான். நடுவில் அம்மா நின்றார், அவ்வளவுதான். இடது மணிக்கட்டு எலும்பில் வெடிப்பு. ஆறு கிழமை பிளாஸ்டர்.

முறுக்கு எங்கட நாய். பொர்டர் கொலியும் லப்ரடோரும் கலந்தவன். அப்போது 11 மாசம், 24 கிலோ. சந்தோஷம் வந்தால் உடம்பை இரண்டாக முறுக்கிக்கொண்டு வாலையும் தலையையும் ஒன்றாக ஆட்டுவான். அதனால் மகள் வைத்த பேர் அது.

அன்றிரவு ஆஸ்பத்திரியால் வந்த பிறகு பெரிய மாமா போன் எடுத்தார். "ஊரில நாய் வளவுக்குள்ள நிண்டது. வீட்டுக்குள்ள விட்டா இப்பிடித்தான். கொண்டுபோய்க் குடுங்கோ." அம்மா போனை வாங்கிச் சொன்னார்: "வாயில்லாச் சீவன், அதைப் பேசாத அண்ணை." போனை வைத்த பிறகு என்னைப் பார்த்து மெல்லமாகச் சொன்னது வேறு. "பிள்ளை, நான் இன்னொருக்கா விழுந்தா எழும்பமாட்டன்."

அம்மாவுக்கு 71 வயது. நானும் கணவரும் வேலைக்குப் போனால் பிள்ளைகளைப் பார்ப்பது அவர்தான். அவருடைய வீட்டில் அவர் பயந்து நடக்கிற மாதிரி வைத்திருக்க முடியாது. மகளுக்கு 9 வயது, மகனுக்கு 6. அவர்களிடம் "முறுக்கைக் கொடுக்கப் போகிறோம்" என்று சொல்லவும் வாய் வரவில்லை. நானும் கணவரும் ஒரு தவணை வைத்தோம்: மார்ச் மாசப் பள்ளி விடுமுறை. அதற்குள் அவன் மாறாவிட்டால் நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்பது.

அந்த நாலு மாசத்தில் நாங்கள் சரியாகச் செய்ததை விடப் பிழையாகச் செய்தது கூட. உங்கட வீட்டிலும் இப்படி ஒரு துள்ளல் காரன் இருந்தால் எங்கட பிழைகள் உங்களுக்கு உதவலாம்.

ஓட ஓட அடங்கும் என்று நினைத்தோம்

விழுகைக்கு முதல் இரண்டு மாசமாக நாங்கள் செய்த வைத்தியம் ஒன்றே ஒன்று. ஓட்டம். "அவனுக்கு எனர்ஜி கூட, களைக்க வைச்சா சரி" என்று எல்லோரும் சொன்னார்கள். கணவர் காலையில் ஐந்து கிலோமீற்றர் ஓட்டிக்கொண்டு போவார். பின்னேரம் நான் நாய்ப் பூங்காவில் அரை மணி நேரம் பந்து எறிவேன். முறுக்கு களைத்தானா? இல்லை. ஐந்து கிலோமீற்றர் ஓடக்கூடிய உடம்பை நாங்களே கட்டிக் கொடுத்தோம். மூன்றாவது கிழமை அவனுக்கு அது போதவில்லை, கணவருக்குத்தான் முழங்கால் நொந்தது.

வேலையில் ஒரு மென்பொருள் பிழை வந்தால் முதலில் லொக் பார்ப்போம். அம்மா விழுந்த பிறகுதான் அதை வீட்டில் செய்யத் தோன்றியது. ஒரு ஷீற் திறந்து, ஒவ்வொரு நாளும் அவன் என்ன செய்தான், எவ்வளவு நேரம் நித்திரை கொண்டான், பின்னேரம் எத்தனை தரம் ஆட்கள் மேல் பாய்ந்தான் என்று இரண்டு கிழமை எழுதினேன். மோசமான பின்னேரங்கள் எல்லாம் பூங்காவில் கூடப் பந்து எறிந்த நாட்கள். நித்திரை குறைந்த நாட்களும் அவைதான்.

பிறகு வாசித்தபோது விளங்கியது. வளர்ந்த நாய்கள் ஒரு நாளில் 12 மணி நேரமளவில் நித்திரை கொள்ளும், குட்டிகள் அதைவிடவும் கூட. பந்தின் பின்னால் திரும்பத் திரும்பப் பாய்கிற விளையாட்டு சில நாய்களைக் களைக்க வைப்பதை விட உசுப்பேற்றி விடுகிறது. பிறந்தநாள் பார்ட்டி முடிந்து இரவு பத்து மணிக்கு வீடு வந்த ஆறு வயதுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். களைப்புத்தான், ஆனால் படுக்குமா?

இன்னொன்று வயது. ஆறு மாசத்திலிருந்து ஒன்றரை, இரண்டு வயது வரை நாய்க்கும் விடலைப் பருவம். குட்டியாக இருந்தபோது கேட்ட சொல்லெல்லாம் திடீரென்று காதில் விழாது. பல நாய்கள் இந்தப் பருவத்தில்தான் வீட்டாரின் பொறுமையைச் சோதிக்கும். எந்த வகுப்பையும் தேட முதல் மிருக வைத்தியரிடம் ஒருக்காக் காட்டுங்கள். நோவு, தோல் கடி, வயிற்றுக் கோளாறு இருந்தாலும் நாய் அமைதியில்லாமல் திரியும். அதற்கு வகுப்பு மருந்தில்லை.

அடியாத மாடு

இனி நான் எழுதக் கூச்சப்படுகிற பகுதி. அம்மா விழுந்த பதற்றத்தில், டிசம்பரில் ஒரு பயிற்சியாளரிடம் போனோம். "நாலு கிழமையில் அடக்கித் தருவேன்" என்றார். உள்பக்கம் இரும்புப் பற்கள் வைத்த கழுத்துப் பட்டி ஒன்றை மாட்டினார். துள்ளினால் சுண்டி இழுக்க வேண்டும். "நீங்கள்தான் கூட்டத்துக்குத் தலைவர் என்று அவனுக்குக் காட்டுங்கள்" என்றார். முதல் வகுப்பிலேயே முறுக்கு பெட்டிப் பாம்பாக அடங்கிவிட்டான். எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. உண்மையைச் சொன்னால் பெருமையும்கூட.

மூன்றாம் கிழமை, மகள் அந்தப் பட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு அவனிடம் போனாள். முறுக்கு செற்றிக்குக் கீழே போய் ஒளித்துக்கொண்டு உறுமினான். அதுவரைக்கும் அவன் பிள்ளைகளைப் பார்த்து ஒரு நாளும் உறுமியதில்லை. துள்ளுகிற நாய் வீட்டில் இருந்தது. இப்போது பயந்த நாய். எது ஆபத்து என்று உங்களுக்கே தெரியும்.

"தலைவர்" கதை எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். 1947-ல் ருடொல்ஃப் ஷென்கெல் என்ற ஆய்வாளர் அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதில் இதன் வேர் இருக்கிறது. டேவிட் மெக் 1970-ல் எழுதிய ஓநாய்ப் புத்தகம் அதைப் பரப்பியது. அதே மெக், காட்டில் வாழும் ஓநாய்களை வருடக் கணக்காகப் பார்த்த பிறகு, 1999-ல் அந்தக் கருத்தைத் திருத்தினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்றால் பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள். சண்டை பிடித்துத் தலைவரானவர் ஒருவரும் இல்லை, அது ஒரு குடும்பம்.

விஞ்ஞானம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை, சரி. ஆனால் அந்தப் பட்டியை நான் ஏன் இவ்வளவு கெதியாக ஏற்றுக்கொண்டேன்? "அடியாத மாடு படியாது" என்பதைக் கேட்டு வளர்ந்தவள் நான். எங்களில் கனபேர் அப்படித்தான். தமிழ்ப் பள்ளியில் அடிமட்டத்தால் வாங்கியது இன்னும் ஞாபகம். எங்கட பிள்ளைகளில் கை வைப்பதில்லை என்று முடிவெடுத்த தலைமுறை நாங்கள். அந்த முடிவு நாயிடம் வந்தபோது எனக்கு மறந்து போய்விட்டது.

நாய், பூனைகளின் நடத்தையைப் படிக்கும் அமெரிக்க மிருக வைத்தியர்களின் சங்கம் 2021-ல் வெளியிட்ட அறிக்கை இதில் தெளிவாக இருக்கிறது: எல்லா நாய்க்கும், எல்லா நடத்தைக்கும், பரிசு கொடுத்துப் பழக்குகிற முறையே போதும். நோகப்பண்ணுகிற கருவிகள் வேண்டாம். மின்சார அதிர்ச்சி கொடுக்கும் பட்டியை வேல்ஸ் 2010-லேயே தடை செய்துவிட்டது. நாங்கள் நாலாவது வகுப்புக்குப் போகவில்லை. கட்டிய காசும் திரும்பவில்லை.

வகுப்பைத் தேடும்போது கேட்க வேண்டியது

ஒன்ராறியோவில் நாய் பழக்குவதற்கு உரிமம் ஒன்றும் தேவையில்லை. நாளைக்கு நானே ஒரு பலகை எழுதிக் கதவில் மாட்டலாம். பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் இதே நிலைமைதான். அதனால் தேர்ந்தெடுக்கிற பொறுப்பு முழுக்க எங்கட தலையில்.

ஒரு சான்றிதழைப் பார்க்கலாம். உதாரணமாக சி.பி.டி.ரி.-கே.ஏ. என்ற தகுதிக்குக் கடைசி மூன்று வருடத்தில் குறைந்தது 300 மணி நேரம் பயிற்சி கொடுத்திருக்க வேண்டும், பரீட்சையும் எழுத வேண்டும். சான்றிதழ் மட்டும் போதாது, ஆனால் தொடங்க ஒரு நல்ல இடம். அதன் பிறகு நான் போனில் கேட்ட கேள்விகள் இவை.

"என்ர நாய் சரியாகச் செய்தால் என்ன நடக்கும்?" சாப்பாடு, விளையாட்டு, பாராட்டு என்று பதில் வர வேண்டும். "பிழையாகச் செய்தால் என்ன நடக்கும்?" இதுதான் முக்கியமான கேள்வி. "வேலையை இன்னும் லேசாக்கித் திரும்பச் செய்வோம்" என்பது நல்ல பதில். "கரெக்ஷன் கொடுப்போம்" என்றால், எப்படிக் கொடுப்பீர்கள், எதனால் கொடுப்பீர்கள் என்று விடாமல் கேளுங்கள். பதிலை மழுப்பினால் நன்றி சொல்லி போனை வைத்துவிடுங்கள்.

"நாய் இல்லாமல் ஒரு வகுப்பை வந்து பார்க்கலாமா?" நல்லவர்கள் மறுக்க மாட்டார்கள். போனால் பயிற்சியாளரைப் பார்க்க முதல் நாய்களைப் பாருங்கள். வால் தளர்வாக ஆடுகிறதா? உடம்பைக் குறுக்கிக்கொண்டு, உதட்டை நக்கிக்கொண்டு, கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்கிறதா? நித்திரை வராத கொட்டாவி நாய்க்குப் பதற்றம். "ஒரு வகுப்பில் எத்தனை நாய்?" ஆறு, ஏழுக்கு மேல் ஒரே ஆள் என்றால் யோசியுங்கள். "பிள்ளைகள் வரலாமா?" வீட்டில் நாயோடு கூட நேரம் இருப்பது அவர்கள்தானே. "தடுப்பூசிச் சான்று கேட்பீர்களா?" கேட்காத இடத்துக்குப் போகாதீர்கள்.

இன்னும் குட்டியாக இருந்தால் தள்ளிப் போட வேண்டாம். ஊசியெல்லாம் முடியட்டும் என்று நாங்கள் நாலு மாசம் வரை காத்திருந்தோம். அதே மிருக வைத்தியர் சங்கம் 2008-லேயே சொன்னது: முதல் ஊசி போட்டு ஏழு நாள் ஆனால், ஏழு எட்டுக் கிழமைக் குட்டியும் சுத்தமாக நடத்தப்படும் குட்டி வகுப்புக்குப் போகலாம். உலகத்தை நல்லதாகப் பழகுகிற காலம் மூன்று நாலு மாசத்தோடு மூடத் தொடங்கிவிடும்.

எது யாருக்குப் பொருந்தும்

வகுப்புகளின் பேர்களைப் பார்த்து நான் முதலில் தலை சுற்றிப் போனேன். சுருக்கமாகச் சொல்கிறேன்.

அடிப்படைப் பழக்க வகுப்பு எல்லோருக்கும் வேண்டும். இருப்பது, வருவது, கயிறு இழுக்காமல் நடப்பது, ஆட்களைப் பார்த்தால் பாயாமல் இருப்பது. முடித்தால் ஒரு சோதனையும் எழுதலாம்: கனடாவில் கனைன் குட் நெய்பர், அமெரிக்காவில் 1989-ல் தொடங்கிய 10 அம்சச் சோதனையான கனைன் குட் சிற்றிசன், பிரித்தானியாவில் 1992-ல் வந்த வெண்கலம், வெள்ளி, தங்கம் என்ற படிகள். பிள்ளைகளுக்குச் சான்றிதழ் என்றால் எவ்வளவு ஆசை என்று உங்களுக்குத் தெரியும். அந்த ஆசையை இங்கே பயன்படுத்தலாம்.

அஜிலிற்றி என்பது தடைதாண்டி, சுரங்கத்துக்குள் புகுந்து, கம்பங்களுக்கு நடுவில் வளைந்து ஓடுவது. 1978-ல் லண்டன் கிரஃப்ற்ஸ் காட்சியில், குதிரைகளின் தடைதாண்டல் போட்டியைப் பார்த்து, இடைவேளைக் களியாட்டமாகத் தொடங்கியது. வேகமும் கவனமும் சேர்ந்த நாய்க்குச் சொர்க்கம். ஆனால் எலும்பு முற்ற முதல் உயரம் பாயக்கூடாது. போட்டிக்கு அமெரிக்கன் கெனல் கிளப் 15 மாசம், பிரித்தானியாவின் கெனல் கிளப் 18 மாசம் என்று எல்லை வைத்திருப்பது அதனால்தான்.

ஃப்ளைபோல் நாலு நாய்களின் அஞ்சல் ஓட்டம். நாலு தடை தாண்டி, பெட்டியை மிதித்து, பாய்ந்து வரும் பந்தைக் கவ்விக்கொண்டு திரும்ப வேண்டும். பந்துப் பைத்தியங்களுக்குச் சரி. சத்தம் என்றால் சத்தம், வெருளுகிற நாய்க்கு ஆகாது. ராலியில் நிலத்தில் வைத்திருக்கும் பலகைகளை வாசித்து ஒவ்வொன்றிலும் சொன்னதைச் செய்துகொண்டு இரண்டு பேரும் நடக்க வேண்டும். பாய்ச்சல் குறைவு. அவசரப்படாத பிள்ளைக்கும் நாய்க்கும் நல்லது.

ஓடுகிற ஆட்களுக்குக் கனிக்ரொஸ் இருக்கிறது. இடுப்பில் பட்டி, நாய்க்கு நெஞ்சுக் கவசம், இரண்டு பேரும் ஒன்றாக ஓடுவது. மூக்கால் வேலை செய்கிற நோஸ் வேர்க் பிறகு வரும். எங்கட கதை திரும்பியது அங்கேதான்.

நாங்கள் முதலில் எடுத்தது அஜிலிற்றி. பொர்டர் கொலி என்றால் அதுதான் என்று யூரியூப்பில் பார்த்திருந்தோம். ஜனவரியில் புதிதாகக் கண்டுபிடித்த ஒரு பயிற்சியாளரிடம் அறிமுக வகுப்பு. முறுக்கு தன் முறைக்காகக் காத்திருந்த எட்டு நிமிடமும் குலைத்தான். மற்ற நாய் ஓட ஓட இவனுக்குத் தலை வெடித்தது. பயிற்சியாளர் பக்கத்தில் வந்து இருந்து சொன்னா: "இவனுக்குக் கால் ஓடத் தெரியும். ஓய்வெடுக்கத் தெரியாது. நீங்கள் முதலில் அதைப் படிப்பியுங்கோ." அந்த வகுப்புக்கான காசை நோஸ் வேர்க்குக்கு மாற்றித் தந்தா. ஆறு கிழமைக்கு 210 டொலர்.

மட்டைப் பெட்டிகள்

முதல் நாள் போனபோது ஏமாற்றமாக இருந்தது. அறைக்குள் பத்துப் பன்னிரண்டு மட்டைப் பெட்டிகள், அவ்வளவுதான். ஒரு நேரத்தில் ஒரு நாய். மற்றவை காரில். எந்த நாயும் எந்த நாயையும் பார்க்காது. ஒரு பெட்டிக்குள் அவித்த கோழித் துண்டு. கட்டளை ஒன்றும் இல்லை, "தேடு" என்று விட வேண்டியதுதான். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் போக வேண்டும், வாய் திறக்கக்கூடாது. எட்டு வருடமாக ஆட்களுக்கு ரிவியூ சொல்லிப் பழகிய எனக்கு அது சரியான கஷ்டம்.

முறுக்கு முதலில் பெட்டிகளை மிதித்தான், ஒன்றைக் கவ்விக்கொண்டு ஓடப் பார்த்தான். பிறகு திடீரென்று தலை கீழே போனது. வால் நின்றது. மூக்கு மட்டும் வேலை செய்தது. அந்தளவு அமைதியாக நான் அவனைப் பார்த்ததே இல்லை. நாலு தரம் தேடினான், எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம் வராது. வீட்டுக்கு வந்து மூன்று மணி நேரம் அசையாமல் நித்திரை.

இந்த விளையாட்டு, மோப்பநாய்களைப் பழக்குகிற முறையிலிருந்து வந்தது. வட அமெரிக்காவில் இதற்கென்று ஒரு சங்கமும் இருக்கிறது. வயது போன நாய், காலில் வருத்தமுள்ள நாய், மற்ற நாயைக் கண்டால் பயப்படுகிற நாய், எல்லாம் செய்யலாம். வெளியே மைனஸ் 20, தெருவெல்லாம் உப்பு என்கிற கனடாக் குளிரில் வீட்டு ஹோலில் செய்யலாம்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு குறிப்பிட்ட மணத்தைப் பழக்குவார்கள். அந்தச் சங்கத்தின் மூன்று மணங்கள்: பேர்ச் மரம், பெருஞ்சீரகம் மாதிரி மணக்கிற அனிஸ், மூன்றாவது கராம்பு. போட்டிக்குப் போகிற எண்ணம் இல்லையென்றால் எதிலும் தொடங்கலாம் என்றா பயிற்சியாளர். கராம்பு எண்ணெயை லேசாகத் தொட்ட கொட்டன் பட் துண்டை, துளை போட்ட சின்னத் தகர டப்பாவுக்குள் வைத்துத் தந்தா.

அதை வீட்டில் மேசையில் வைத்தேன். அம்மா குசினியிலிருந்து கேட்டார்: "ஆருக்குப் பல்லு நோகுது?"

அம்மா தேடக் கொடுக்கிறார்

அம்மாவுக்கு நாய் என்றால் சின்ன வயதிலிருந்து பயம். தொட மாட்டார். முறுக்கின் மூக்கு பட்டால் உடனே கை கழுவுவார். அவரை நாய்ப் பிரியராக்குவது என்ர திட்டமில்லை. அவர் பயமில்லாமல் நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் வீட்டில் இரண்டு வேலை செய்தோம். குசினி வாசலுக்குப் பிள்ளைகளுக்கு வைத்திருந்த பழைய கேற்றைப் போட்டோம். பழக்குவது நாட்கள் எடுக்கும், கேற் அன்றைக்கே வேலை செய்யும். அடுத்தது பாய். ஹோலில் ஒரு சின்னப் பாய் விரித்து, முறுக்கு அதில் தானாகப் படுத்தால் ஒரு துண்டுச் சாப்பாடு. ஒரு நாளைக்கு மூன்று நிமிடம், மூன்று தரம். பிறகு அழைப்பு மணி அடித்தால் பாய். பிள்ளைகள் வந்தால் பாய். நாலு காலும் நிலத்தில் இருந்தால்தான் ஆட்கள் அவனைப் பார்ப்பார்கள், துள்ளினால் எல்லோரும் சுவரைப் பார்ப்பார்கள். மாமா வந்த அன்றும் சுவரைப் பார்க்கச் சொன்னோம். "என்ன விசர் வீடு இது" என்றார், ஆனால் பார்த்தார்.

அம்மாவின் பங்கு தற்செயலாக வந்தது. நாங்கள் டப்பாவை ஒளித்தால் முறுக்கு எங்கட கால் மணத்தின் பின்னாலேயே போய்க் கண்டுபிடித்துவிடுவான் என்று மகள் முறைப்பாடு வைத்தாள். "அம்மம்மா, நீங்கள் ஒளியுங்கோ." அம்மா டப்பாவை வாங்கி, கேற்றைப் பூட்டி, சாமியறைப் பக்கம் போனார். அன்று முறுக்கு 11 நிமிடம் தேடினான். அம்மா அதை அரிசி வாளியின் மூடிக்குக் கீழே வைத்திருந்தார். அவன் கடைசியில் வாளிக்கு முன்னால் குந்தி, அசையாமல் அம்மாவைப் பார்த்தான். அம்மா கேற்றுக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு கோழித் துண்டு எறிந்தார். துள்ளாமல் எடுத்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கராம்பு எண்ணெய் நாய் நக்கக் கூடாத பொருள், டப்பா நன்றாக மூடியிருக்க வேண்டும். பரிசுக்கு வெறும் அவித்த கோழி. எங்கட கறிக்குள் வெங்காயமும் உள்ளியும் இருக்கும், இரண்டும் நாய்க்கு நஞ்சு. பாயாசத்தில் கிடக்கிற உலர்ந்த திராட்சையும் அப்படித்தான். "பாவம், ஒரு வாய்" என்று பாத்திரத்தில் மிஞ்சியதைப் போடுகிற பழக்கத்தை எங்கட வீட்டில் நிற்பாட்டினோம்.

ஒரே சொல்

வகுப்பில் பயிற்சியாளர் கேட்ட கேள்விக்கு நாங்கள் முழித்தோம். "வீட்டில் என்ன சொல் பாவிக்கிறீர்கள்?" நான் "சிற்" என்பேன். கணவர் "சிற் டவுண்". அம்மா "இரு". மகன் கத்துவான். நாய்க்கு மொழி தெரியாது, சத்தம் மட்டும்தான். நாலு பேரும் நாலு சத்தம் போட்டால் அது எதைப் பிடிக்கும்?

அம்மாவுக்கு ஆங்கிலக் கட்டளை வாயில் வராது. அதனால் எல்லோரும் தமிழுக்கு மாறினோம். இரு, வா, விடு, பாய், தேடு. ஒரு சிக்கல் வந்தது. செற்றியிலிருந்து "இறங்கு" என்றால் அவன் இருந்துவிடுவான். "இரு", "இறங்கு" இரண்டும் ஒரே மாதிரித் தொடங்குகின்றன. "கீழ" என்று மாற்றினோம், சரியாகிவிட்டது. நீங்களும் சொற்களைத் தேர்ந்தெடுக்கும்போது தொடக்கச் சத்தத்தைப் பாருங்கள். ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள்.

என்ர மகன் அம்மம்மாவுக்கே ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவன். இப்போது ஒரு நாளைக்கு முப்பது தரம் "இரு, வா, விடு" என்கிறான். தமிழ் படித்துவிட்டான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் "விடு" என்பதற்கு "விட்டிட்டான்" என்று அவனே ஒரு நாள் சேர்த்துச் சொன்னபோது அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அட்டவணையை நிரப்பாதீர்கள்

எங்களுக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. சனி காலை தமிழ், பிறகு கணிதம், ஞாயிறு பரதம், நீச்சல். ஒரு வெற்று மணித்தியாலத்தைக் கண்டால் குற்ற உணர்வு வரும். நோஸ் வேர்க் வேலை செய்ததும் நான் உடனே ராலிக்கும் பெயர் கொடுக்கப் போனேன். பயிற்சியாளர்தான் மறித்தா.

இப்போது எங்கட கிழமை இப்படி: ஒரு வகுப்பு. வீட்டில் மூன்று நாள், ஐந்து பத்து நிமிடம் தேடுதல். ஒவ்வொரு நாளும் இரண்டு நடை, அதில் ஒன்று அவன் மணந்து மணந்து போகிற மெதுநடை. ஞாயிறு ரூஜ் பூங்காவில் நீண்ட நடை, அங்கே கயிறு கட்டாயம். ரொறன்ரோத் தெருவிலும் கயிறு இரண்டு மீற்றருக்கு மேல் நீளக் கூடாது. ஒரு நாள் முழு ஓய்வு. பந்து எறிதல் ஐந்து நிமிடத்தோடு சரி. பிள்ளைகள் தனியே கொண்டுபோவதில்லை. 24 கிலோ இழுத்தால் 9 வயதுப் பிள்ளை தாங்காது.

சட்டத்தையும் மனதில் வையுங்கள். ஒன்ராறியோவில் உங்கட நாய் ஒருவரைக் கடித்தால், தாக்கினால், நட்டத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு. "இதுக்கு முதல் ஒரு நாளும் கடிக்கேல்லை" என்று சொல்லித் தப்ப முடியாது. நகர உரிமமும் விசர்நாய்த் தடுப்பூசியும் கட்டாயம்.

மார்ச் விடுமுறை வந்தது. நானும் கணவரும் இரவு குசினியில் இருந்து ஷீற்றைப் பார்த்தோம். நவம்பரில் ஒரு பின்னேரத்தில் 14, 15 தரம் பாய்ந்தவன், இப்போது ஒன்று, இரண்டு. பூச்சியமில்லை. அம்மாவிடம் கேட்டோம். முடிவு அவருடையது என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தோம்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. கையைப் பிடித்துப் பார்த்தார், மழைக்கு அது இன்னும் நோகும். "கேற் நிக்கட்டும்" என்றார். "நான் குசினிக்குள்ள நிக்கேக்க அது வெளியில நிக்க வேணும். மற்றும்படி நிக்கட்டும்."

கேற் இப்போதும் நிற்கிறது. பின்னேரம் நாலு மணிக்கு, பிள்ளைகள் வர முதல், அம்மா டப்பாவை எங்கேயோ வைத்துவிட்டு வந்து கதிரையில் இருப்பார். முறுக்கு பாயில் படுத்துக்கொண்டு அவருடைய வாயையே பார்ப்பான். அம்மா அவசரப்பட மாட்டார். தேத்தண்ணியில் ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் "தேடு" என்பார்.